இரட்டைக் கப்பல்

ஐஸ் பெட்டியை உள்ளே கொண்டுவர இடம் போதவில்லை. நான்கு பேர் அதைத் தூக்கிப் பிடித்தபடி வாசற்படியில் நிற்க, அன்புக்கரசி கூடத்து மேசையிலிருந்த இரண்டு கப்பல்களையும் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அப்பா பாயில் கிடந்தார். விடிகாலையில் டீயை வாங்கி வைத்தவர் குடிக்காமலே போய்விட்டார். யார் கப்பலைத் தூக்கினாலும் ‘அடியில கை குடு’ என்பார். அந்தக் குரலுக்காக ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகுதான் நடந்தாள்.

இரண்டும் ஒரே அச்சு. ஒரு கை நீளம், மும்மூன்று பாய்மரம். கடலூர் முதுநகரில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வாட்ச்மேனாக இருந்த தாத்தாவுக்கு, ஆபீசை மூடியபோது கிடைத்தவை. நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்றார்கள். தாத்தாவுக்குப் பிறகு அப்பாவிடம் வந்தபோது ஒன்று முழுசாக இருந்தது. மற்றதைச் செல் அரித்திருந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை வார்த்துக்கொண்டிருந்த அப்பா தர்மராஜுக்கு மரவேலை வராது. வந்த வேலையைக் கொண்டு சரிசெய்தார். தளத்தைச் சுற்றிய கம்பிகள், பீரங்கிகள், பயறளவு கப்பிகள் எல்லாம் பீங்கான். சூளையில் வெந்தால் மண் சுருங்கும் என்பதால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பெரிதாகச் செய்வார். சுருங்கி வந்தது பொருந்தாவிட்டால் மறுபடியும் செய்வார். பதினோரு வருடம்.

நெஞ்சுவலி வந்த பிறகு கப்பல்களுக்கு ஓர் இடம் தேடச் சொன்னார். அன்புக்கரசிதான் ஊர் ஊராக போன் செய்தாள். கடைசியில் புதுச்சேரியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்திலிருந்து கயல்விழி என்ற பெண் வந்து பார்த்தாள். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மற்றதில் பழசு என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை என்று மிகவும் தயங்கிச் சொன்னாள். அப்பா, “சரிதாங்க” என்றார். பழையதன் முனையில் நூலால் ஒரு சீட்டைக் கட்டினார். அன்றைக்குச் சோற்றை வெகுநேரம் அளைந்துகொண்டிருந்தார். அப்புறம் வெள்ளையாகக் கிடந்த பீங்கானுக்கெல்லாம் தேக்கு நிறம் பூச ஆரம்பித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தினமும் கேட்டார், வண்டி எப்போது வருகிறது என்று.

இன்றைக்குத்தான் வருகிறது. வர வேண்டாம் என்று சொல்ல அவள் மறந்துபோனாள்.

பதினோரு மணிக்குப் பந்தலோரம் வேன் வந்து நின்றபோது, கம்மாபுரத்துக்காரர்களுக்குச் சொல்லியாயிற்றா, பீரோ சாவி எங்கே என்று யார் யாரோ அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினாள். இன்னும் அழவில்லை. அழாதது தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கயல்விழி இறங்கி, பந்தலைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு தெருமுனைக்கு நடந்துபோய் ஒரு மாலை வாங்கி வந்து பெட்டியின்மேல் வைத்தாள். இன்னொரு நாள் வருவதாகச் சொன்னாள்.

சித்தப்பா திருமாலும் அதையே சொன்னார். “பொணம் கெடக்கிற வூட்லேர்ந்து ஒரு துரும்பு வெளிய போவக்கூடாது. காரியம் முடியட்டும்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஆதிலட்சுமி தலையைத் தூக்கினாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“தெனம் கேட்டாரு, வண்டி வந்துதான்னு. வந்துடுச்சி. அவரு கண்ணு முன்னாடியே போவட்டும்.”

“ஊரு என்னா சொல்லும் அண்ணி?”

“ஊரா பதினோரு வருசம் அதுக்குத் தூசி தொடச்சுது?”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடை கட்டும் இடத்துக்குப் போய்விட்டார்.

கயல்விழியைச் சமையலறைக்கு அழைத்துப் போனபோதுதான் அன்புக்கரசி பார்த்தாள். இரண்டு கப்பலிலும் சீட்டு இல்லை. நூல் எங்கே அறுந்ததோ. டிரம்முக்குப் பின்னால் குனிந்து தேடினாள். கூடத்தில் அத்தனை கால்களுக்கு நடுவில் தேட முடியாது. கயல்விழியும் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒன்றை விட்டு ஒன்றாக மாறி மாறிப் பார்த்தாள்.

“அன்னிக்கு ஒண்ணு வெள்ளையா இருந்துதுங்க. இப்ப எனக்குத் தெரியலையே. உங்களுக்குத் தெரியுதா?”

அன்புக்கரசி கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் அதே பேட்டையில், வெந்து வந்த சாமான்களை நகத்தால் சுண்டிப் பார்த்து விரிசல் கண்டு ஒதுக்கியவள். யோசிக்காமல் விரலை மடக்கி, இடப்பக்கக் கப்பலின் பீரங்கியைச் சுண்டினாள். கிண்ணென்றது, அப்பாவின் பீங்கான். மற்றதைச் சுண்டினாள். சத்தம் மரத்துக்குள்ளேயே அமுங்கிப்போனது. வெளியே மேளம் தொடங்கியிருந்தது. பக்கத்திலிருந்த கயல்விழிக்கு இரண்டும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது.

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். கை இடப்பக்கம் நீண்டது.

“இதுதாங்க.”

நீட்டிய கையை அவளே பார்த்தாள். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அல்லது கொடுக்க மாட்டார்கள். அப்பா இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பாரா? இரண்டு அப்பாவும் அவளுக்கு ஒரே மாதிரி நிஜமாகத் தெரிந்தார்கள்.

கூடத்தைத் தாண்டும்போது அம்மா கப்பலை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“நல்லா பாத்தியா?”

“பாத்தம்மா.”

அம்மா முந்தானையால் கப்பலின் அடிப்பக்கத்தை மெல்லத் துடைத்துவிட்டாள். “எடுத்துகினு போங்க,” என்றாள் கயல்விழியிடம். “அடியில கை குடுத்துத் தூக்குங்க.”

மூன்று மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். மேளச் சத்தம் ஆற்றுப்பக்கம் இறங்கித் தேயும் முன்பே பெண்கள் பெருக்குமாறும் வாளியுமாக வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்துத் தண்ணீர் வாசற்படியில் இடித்துத் திரும்பிச் சமையலறைக்குள் வந்தது. அன்புக்கரசி ஓடிப்போய் மிச்சமிருந்த கப்பலைத் தூக்கிக்கொண்டாள். எங்கே வைப்பது? மேசையை வெளியே போட்டிருந்தார்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஓரமா நில்லும்மா என்றது ஒரு குரல். அவள் ஓரமாக நின்றாள். தண்ணீர் அங்கேயும் வந்து கணுக்காலைத் தொட்டது.