மூன்றாம் அறையின் வலது சுவர்

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவள் தன் கையை விடுவிக்க வேண்டியிருந்தது. கணவரின் பிடியில் பலமில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. கூடத்தில் ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. படுக்கையறையில் சிக்னல் கிடைக்காது.

“போ மண்ணு. பாத்துட்டு வா,” என்றார், கண்ணைத் திறக்காமலே. மண்ணையும் பாறையையும் ஆராயும் இன்ஜினியரைக் கட்டிக்கொண்ட நாளில் அவர் வைத்த பெயர் அது.

கட்டிலின் மறுபக்கம் ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா நிமிர்ந்தாள். “இன்னிக்குமா?”

“இதோ வந்துடுறேன் அண்ணி.”

கல்லீரல் கைவிட்டபின் மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அலமாரியைத் திறக்க ஆக்சிஜன் சிலிண்டரை நகர்த்த வேண்டும், கதவைச் சாத்த நாற்காலியைத் தூக்க வேண்டும் என்ற அளவில்தான் அந்த அறை. அந்த அறைக்கும் சாப்பாட்டு மேஜைமேல் இருந்த லேப்டாப்புக்கும் நடுவில் அவளுடைய வாரங்கள் கழிந்தன.

சுரங்கத்திலிருந்து ஃபோர்மேன். “மேடம், மூணாவது அறையில வலது சுவர் நல்லா இல்ல. மீட்டர் ஏறிக்கிட்டே போகுது. கருவிதான் கோளாறுங்கிறாரு மேனேஜர். உள்ள ஆளுங்க வேலை செய்றாங்க.”

ஆலைகளின் நச்சுக்கழிவை நிரந்தரமாகப் புதைத்துவைக்க மலைக்கடியில் குடையும் அறைகள் அவை. குடைந்த பாறை சும்மா இருக்காது, காலியிடம் பார்த்து மெல்ல நகரும். நகர்வது தப்பில்லை. போகப்போக வேகம் குறைய வேண்டும், கூடினால்தான் ஆபத்து. எதுவரை தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. கொஞ்ச நாளுக்குமுன் ஒருமுறை வேலையை நிறுத்தச் சொன்னாள். பாறை அசையவில்லை, மேலிடத்திலிருந்து மெமோதான் வந்தது. அப்போது உட்கார முடிந்த கணவர் சிரித்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். பழகுபவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் இவர் காலுக்கடியில் இன்னொரு பிரேக். “நான் தினம் சும்மாவே மிதிக்கிறேன். ஒருத்தனும் எனக்கு மெமோ குடுக்கலியே.”

லேப்டாப் திரையில் கோடு மேல்நோக்கி வளைந்திருந்தது. ஒரு கருவி பொய் சொல்லலாம்.

“பக்கத்துக் கருவியப் போய்ப் பாருங்க. லைன்லயே இருக்கேன்.”

படுக்கையறையில் கணவரின் மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. இரண்டடி எடுத்துவைத்தாள். ஃபோன் கரகரத்தது. சிக்னல் கிடைக்கும் ஜன்னலுக்கே திரும்பினாள்.

“அதுவும் ஏறுது மேடம். சுவரைப் பிடிச்சிருக்கிற போல்ட் தகடெல்லாம் வளைஞ்சிருக்கு.”

மேனேஜர் ஃபோனை வாங்கினார். “மேடம், உங்க வீட்டு நிலைமை தெரியும். இந்த நேரத்துல நிதானமா யோசிக்க வராது. நாளைக்குப் பாத்துக்கலாமே.”

“ஆளுங்கள வெளிய எடுங்க சார்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க.”

“இந்தத் தடவையும் சொல்றேன்.”

“அப்ப உங்க பொறுப்பு.”

“என் பொறுப்புதான். எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் லைனைக் கட் பண்ணாதீங்க.”

லைன் கட்டானால் மேனேஜர் ஆட்களை வெளியே எடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எங்கோ ஆழத்தில் விசில் ஊதினார்கள். பூட்ஸ் சத்தம். யாரோ யாரையோ திட்டினார்கள். படுக்கையறையில் அண்ணி, “தம்பி,” என்றாள். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, “தம்பி.”

“ஒருத்தன் மெஷினை எடுக்கத் திரும்பப் போயிட்டான் மேடம். இருங்க,” என்றார் ஃபோர்மேன்.

இருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே யாரோ காரைப் பின்னால் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு, இருந்தாள். திரும்பியபோது அண்ணி படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள். கூப்பிடவில்லை. கையில் ஈரத்துணி அப்படியே இருந்தது.

“வந்துட்டான் மேடம். எல்லாரும் வெளிய வந்தாச்சு.”

“சரி. யாரையும் உள்ள விடாதீங்க,” என்று சொல்லி ஃபோனை மேஜைமேல் வைத்தாள்.

மத்தியானம் துக்கத்துக்கு ஆட்கள் வந்தார்கள். மேனேஜரும் வந்தார், கைகட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். “சுவர் அப்படியேதான் நிக்குது மேடம். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.” அவள் தலையசைத்தாள். அண்ணி காதிலும் அது விழுந்தது.

கணவருக்கு உடுத்திவிட வேண்டியிருந்தது. வயிறு வீங்கியதில் எந்தச் சட்டையும் முன்னால் சேரவில்லை. “முதுகுப் பக்கம் வெட்டிடுங்க. வெளிய தெரியாது,” என்று சொல்லிவிட்டு, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சிலிண்டர் இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதற்கும் கட்டிலுக்கும் இடையில் இருவரும் ஒண்டி நின்றார்கள். அண்ணி சட்டையை விரித்துப் பிடித்துக்கொள்ள, அவள் கத்தரியை ஓட்டினாள்.

“விழலையாமே,” என்றாள் அண்ணி.

“இல்ல.”

“விழுமா?”

“தெரியல அண்ணி.”

அவள் கத்தரியை மேலே ஓட்டினாள்.

“என்னைக் கேட்டாரா?”

அண்ணி சட்டைக் கையை நீவிவிட்டாள். “வந்துட்டாளான்னான். வந்துக்கிட்டே இருக்கான்னேன்.”

கைகளை நுழைத்து, வெட்டிய ஓரங்களை முதுகுக்கடியில் செருகினார்கள். அவள் கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். கழுத்துப் பட்டனைத் துளையில் நுழைக்கும்போது அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

“அது வேணாம். அவனுக்குப் புழுங்கும்.”

அவள் அதைக் கழற்றி, காலரைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.