எல்லோருக்கும் கேட்ட சத்தம்

விளக்கு அணைந்தபோது பந்து காற்றில் இருந்தது. அது மட்டும் எனக்கு நிச்சயம். உள்ளூர் அணியின் ஏழாம் எண்காரி எம்பிப் பந்தை விட்டதைப் பார்த்தேன், பிறகு இருட்டு. ஜன்னலே இல்லாத கூடைப்பந்து உள்ளரங்கம். மதியம் மூன்று மணிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. யாரும் யார் மேலும் மோதிவிடக் கூடாதே என்று விசிலை ஊதினேன். மூச்சு தீரும் வரை ஊதினேன்.

ஜெனரேட்டர் ஓடி வெளிச்சம் வந்தபோது, பந்து பெஞ்சுக்கு அடியில் ஒன்றும் அறியாத பிள்ளை போல் கிடந்தது. ஆட்டத்தில் மீதி இரண்டு வினாடி. உள்ளூர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து வளையத்துக்குள் போயிருந்தால் அவர்கள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு.

நடுவர் விசில் ஊதினாலும், ஏற்கெனவே எறிந்த பந்து விழுந்தால் புள்ளி உண்டு. விழாவிட்டால், மேசை மேல் இருக்கும் அம்புக்குறி காட்டுகிற அணிக்குப் பந்து. அது வெளியூர் அணியைக் காட்டியது. இதெல்லாம் தெளிவு. யாரும் பார்க்காமல் விழுந்த பந்தைப் பற்றித்தான் விதிப்புத்தகத்தில் வரி இல்லை. ‘இதில் சொல்லப்படாத எதையும் முதல் நடுவரே தீர்மானிப்பார்’ என்று மட்டும் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர், ஒற்றை நாற்காலி போட்ட அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

முதல் நடுவர் நான். துணை நடுவரை எல்லோரும் அரைவிசில் என்பார்கள்; ஊதலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஆட்டம் மறுபக்கம் போயிருக்கும். ஆறு வருடமாக அவர் காரில்தான் போட்டிகளுக்கு வருகிறேன். வாரத்தில் என்னோடு ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசுகிற ஒரே ஆள்.

“வலை சரக்குன்னுச்சும்மா,” என்றார். “நல்லாக் கேட்டுச்சு.”

“பாத்தீங்களா சார்?”

“இருட்டுல எங்க பாக்கறது? காது இருக்கில்ல.”

“அறிக்கையில பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“பாக்காததை எப்படி எழுதறது?” அவர் குரல் இறங்கியது. “முந்நூறு பேருக்குக் கேட்டிருக்கு. உனக்கு மட்டும் கேக்கலையா?”

கேட்கவில்லை. என் காதுக்குள் என் விசில் மட்டுமே இருந்தது. யாரும் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. ஆனால் அந்த முந்நூறு பேரும் பந்து விழ வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அவ்வளவு ஆசைப்படுகிற காதுக்கு எதுவும் கேட்கும்.

புள்ளி இல்லை என்று கைகளைக் குறுக்காக வீசினேன். வெளியூர் அணி பந்தை உள்ளே போட்டது. ஒருத்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு வினாடி நின்றாள். முடிந்தது.

“நடுவரம்மா, காதுல வச்ச பஞ்சை எடுக்க மறந்துட்டீங்களா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அரைவிசில் கார்ச் சாவியை விரலில் சுற்றினார். “மாமனார் வீட்டுப் பக்கம் ஒரு வேலைம்மா. நீ பஸ்ஸுல போயிருவல்ல?”

“போயிருவேன் சார்.”

அவர் மாமனார் போன வருடமே இறந்துவிட்டார். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஏழாம் எண்காரி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“உங்களுக்கு நெஜமாவே கேக்கலையாக்கா?”

“இல்லம்மா. ஊதிக்கிட்டிருந்தேன்.”

பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். “எனக்கும் கேக்கல. பந்தை விட்டதும் காதெல்லாம் அடைச்சுக்கிச்சு. உள்ள போச்சு, உள்ள போச்சுன்னு எல்லாரும் வந்து கட்டிக்கிட்டாங்க. நானும் போச்சுன்னே சொன்னேன்.”

“கேக்கலன்னு யார்கிட்டயாவது சொன்னியா?”

“சொன்னா என்னைத் தின்னுடுவாங்க.” சற்று நேரம் சாலையைப் பார்த்தாள். “போயிருக்கும்னு நினைக்கிறீங்களா?”

“தெரியலம்மா.”

அவள் தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதும் போல இருந்தது. அவளுடைய பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

என் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.