கோப்பிக்கு முடி வளரவில்லை

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மாமியார் இராசம்மா வந்துவிடுவாள். தன் ஊரான கோலா தெர்லாவில் காய்கறி லோரியில் ஏறி, எஸ்டேட் வாசலில் இறங்கி, தேயிலைச் சரிவு வழியாக மேடேறி வருவாள். அதனால் சனிக்கிழமை மாலையே திருச்செல்வம் கத்தரிக்கோலை எடுத்துவிடுவான்.

அது அவன் மனைவி தனுஜாவின் தையல் கத்தரிக்கோல். டப்பா திறக்கிற சத்தத்துக்கே நாய் கோப்பி எழுந்து வரும். வந்து அவனைப் பார்க்காது. தையல் மெஷின் இருக்கும் உள்ளறைக் கதவைப் பார்க்கும். இடது தொடையில் துளிர்த்திருக்கும் கறுப்பு முடியை அவன் ஒட்ட வெட்டி முடிக்கும்வரை நாய் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

போன வருடம் ஒரு லோரி அதை இடித்துவிட்டுப் போனது. ஈப்போ மிருக ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை மழித்து, எலும்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். அடர்ந்த முடியுள்ள நாய், ஆறு மாதம் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் தனுஜா அதை மடியில் கிடத்தியிருந்தாள்.

"கோழிய உரிச்ச மாதிரி இருக்குலா," என்று சிரித்தாள். "இதுக்கு மொளைக்கிறதுக்குள்ள நான் கெழவி ஆயிருவேன்."

மலைக் குளிர் வெறும் தோலில் ஏறக்கூடாதென்று, மாலையில் டிவி பார்க்கும்போது அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்திருப்பாள். இருபது நாள் அப்படி வைத்திருந்தாள். இருபத்தோராம் நாள் தலைவலி என்று படுத்தவள் எழவில்லை. வயது இருபத்தெட்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இராசம்மா கேட்டது ஒன்றுதான்.

"கோப்பி எங்க வீட்டுல பொறந்தது, மாப்ள. அவகூட சீர் மாதிரி வந்துச்சு. நான் கொண்டுட்டுப் போறேன்." பிறகு தொடையைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "எங்க பக்கம் பூராவும் காய்கறித் தோட்டம். தெனமும் மருந்தடிக்கிறானுங்க. வெறுந்தோலுல பட்டா வெந்துரும். முடி மூடட்டும், அப்புறம் பாப்போம்."

ஏழு மாதம் மூடவில்லை. எட்டாம் மாதம் ஒரு நாள் அவன் விரலில் பஞ்சு போல என்னவோ தட்டுப்பட்டது. தனுஜாவின் கை இருந்த இடம் மூடிக்கொண்டு வந்தது. மூடிவிட்டால் நாயும் போய்விடும். பட்டம் வாங்கியவன், எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அப்படியிருந்தும் அன்று மாலை கத்தரிக்கோலை எடுத்தான்.

இந்த ஞாயிறு இராசம்மா கோஸும் தக்காளியும் நிறைந்த பையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கோப்பி அவள் காலடியில் புரண்டது.

"நான் குடுத்த வெங்காய எண்ணெயத் தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேன் அத்தை."

"தைப்பூசத்துல மொட்ட போட்டவனெல்லாம் கிராப்பு வச்சிக்கிட்டுத் திரியுறான். இந்தக் கழுதைக்கு மட்டும் என்னா கேடு?"

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தொடையில் தடவினாள். கை நின்றது. முப்பத்தொரு வருடம் இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்த கை. கிள்ளின தண்டும் வெட்டின தண்டும் பார்க்காமலே தெரியும். எதிர்ப்பக்கமாக ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"தானா மொளைக்கிற முடிக்கு நுனி மெல்லிசா இருக்கும். இது மொட்டையா, ஒரே மட்டமா நிக்கிது. கவாத்து வெட்டுன தேயிலையில கைய வச்ச மாதிரி."

அவன் கோஸ் பையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"எத்தன மாசமா?"

"நாலு."

"எதுல வெட்டுறீங்க?"

உள்ளே போய் டப்பாவைத் திறந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தான். கோப்பி விருட்டென்று எழுந்து அவனைத் தாண்டிப் போய், உள்ளறைக் கதவைப் பார்த்து நின்றது. இராசம்மாவும் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெனமும் இப்படியா?"

"இல்ல. இத எடுத்தா மட்டும்."

"அது இப்படிப் பாக்குறதுக்குத்தான் வெட்டுனீங்களா?"

"நீங்க கொண்டுட்டுப் போயிருவீங்கன்னு. அப்புறம்..."

"வாயில்லாத சீவன், மாப்ள. இந்தக் குளிருல அது எப்படி நடுங்கியிருக்கும்? அவ இருந்தா சும்மா விடுவாளா உங்கள?"

கத்தரிக்கோலை வாங்கித் துண்டில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்து நாய்ச் சங்கிலியைக் கேட்பாள் என்று அவன் நின்றான். அவள் முந்தானையில் எண்ணெய்க் கையைத் துடைத்தாள்.

"இங்கயே வளரட்டும். அடுத்த மாசம் வந்து பாக்குறேன்."

"மூடினதும் அத்தை?"

"லோரிக்காரன் காத்துக்கிட்டிருப்பான்," என்று எழுந்தாள்.

வளைவு வரை கோப்பி அவள் பின்னால் போனது. அங்கே நின்று, பனிமூட்டத்தில் அவள் தலை மறைந்த பிறகு, தகடு வைத்த காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து அவன் பக்கத்தில் படுத்தது. எண்ணெய் மின்னும் தொடையில் அவன் உள்ளங்கையை வைத்தான். குத்தியது. கையை எடுக்கவில்லை.