இரைப்பை யார் தட்டில்

அப்பா செத்து ஒரு வருடம் கழிந்து துக்கம் முடித்த ஞாயிற்றுக்கிழமை, எக்கோஃபோ என்கிற அவருடைய தம்பி படகில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் தலையணை. தலையணையோடு வருகிறவர் விருந்தாளி இல்லை.

"இனி இந்த வீட்டை நான் பாத்துக்கிறேன் அண்ணி," என்றார், அப்பாவின் நாற்காலியில் சாய்ந்தபடி.

அம்மா கோழி பிடிக்கப் போனாள்.

நான் குழம்புக்காக வெந்த செம்பனைப் பழத்தை உரலில் போட்டு இடித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் சட்டம். புருஷன் செத்தாலும் வீட்டில் பெண்டாட்டிக்கு உரிமை உண்டு என்று சத்தமாகவே சொன்னேன்.

"அப்பிடியா? உன் சட்டத்தையும் கொஞ்சம் சாறுல பிழிஞ்சு விடு. ருசி கூடுதான்னு பாப்போம்," என்றார் சித்தப்பா.

எரிச்சலில் பழம் நன்றாகவே மசிந்தது. நாரைப் பிழிந்து எறிந்து, சாற்றில் கோழியையும் மிளகாயையும் போட்டுக் கரியடுப்பில் ஏற்றினேன். சிவப்பு எண்ணெய் மேலே மிதந்து வந்தபோது அம்மா என் காதருகே குனிந்தாள்.

"இரைப்பையை அவருக்கு வெச்சிருடி. எதுக்கு வம்பு?"

எங்கள் ஊரில் கோழி இரைப்பை வீட்டுக்கு உடையவனுக்குத்தான். அதைத் தின்றவன் வீடு அது, பத்திரம் வேண்டாம். பெண் தின்றால் கருப்பை காய்ந்துவிடுமாம். ஏன் என்று கேட்டு அகப்பையால் அடி வாங்கியவள் நான்.

"வெச்சா வீடு போச்சும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அம்மா கரியைக் கிளறினாள்.

சித்தப்பாவுக்குப் பெரிய தொடை வைத்தேன். இரைப்பையை அம்மா தட்டில் வைத்தேன். அவர் குழம்பை விரலால் துழாவித் தேடினார். பிறகு பார்த்துவிட்டார்.

"அண்ணி, உங்க மக தட்டு மாத்தி வெச்சிட்டா பாருங்க. பாவம், படிச்ச புள்ள." தட்டை நீட்டினார். "இப்பிடிப் போடுங்க."

"மாத்தி வைக்கல," என்றேன்.

எத்தனையோ வருடம் இரைப்பையைக் கீறி, கல் எடுத்து, தோல் உரித்துக் கொடுத்த கை அம்மாவுடையது. ருசி மட்டும் தெரியாது. இரைப்பையை இரண்டு விரலால் எடுத்தாள். போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

முற்றின கோழி. மெல்ல நேரமானது. அதுவரை சித்தப்பாவின் தட்டு நீட்டியபடியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்டி," என்றாள் என்னிடம். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிடு தம்பி. படகு காலையிலயே கிளம்பிடும்."