நிறுத்துன்னா நிறுத்தணும்

"நிறுத்துன்னா நிறுத்தணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது." ஏழு வருஷத்துக்கு முன்னால் டுவேன் போட்ட சட்டம் அது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சட்டம்தான். முப்பத்தெட்டு அடி நீளத்துக்கு அடுப்பும் படுக்கையும் கக்கூஸும் ஏற்றிய வீட்டு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, ஓட்டுகிறவருக்கு முதுகுப் பக்கம் ஒரு மண்ணும் தெரியாது. கேமரா இருக்கிறது என்று பேர். தூசி படிந்தால் அதுவும் குருடு. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் நின்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும்.

சட்டம் போட்டவனே அதை முதல் மாதத்தில் மீறினான். அவன் மனைவி மார்லிஸ் தொண்டை கிழிய "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியும் கேளாமல், டெக்சாஸில் வீட்டு வண்டிகள் தங்கும் ஒரு முகாமின் தண்ணீர்க் குழாயை இடித்துப் பெயர்த்துவிட்டு, முகாமே வேடிக்கை பார்க்கத் தொப்பலாக நனைந்து நின்றான். அன்றிலிருந்து ஓட்டுவது மார்லிஸ், பின்னால் நிற்பது டுவேன். அவள் ஒரு தடவைகூடச் சட்டத்தை மீறியதில்லை. அவன் குரலை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வருவாள்.

இத்தனைக்கும் ரோட்டுக்கு வர ஆசைப்பட்டவள் அவள் இல்லை. அயோவாவில் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்த வீடு, ஞாயிறு தோறும் பாடப் போகும் தேவாலயம், அவள் கையால் நட்ட லைலாக் செடி. "நாலு சுவருக்குள்ள கிடந்து சாகவா ரிட்டயர் ஆனோம், மார்லி? உயிர் இருக்கிற வரைக்கும் ரோடுதான்" என்று டுவேன்தான் நச்சரித்து நச்சரித்து வீட்டை விற்க வைத்தான். அவள் மூன்று நாள் அழுதாள்.

அழுதவள்தான் பிறகு ரோட்டை அவனைவிட அதிகம் நேசித்தாள். நாற்பது வருஷம் தபால் ஆபீசில் ஊர்ப் பெயர்களைப் படித்துப் படித்துப் பிரித்துப் போட்டவள், ஒவ்வொரு ஊராகக் கண்ணால் பார்த்தபோது சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். வண்டிக் கதவில் ஒரு வரைபடம். ஒரு மாநிலத்தில் ஓர் இரவாவது தூங்கினால்தான் அதன் ஸ்டிக்கரை ஒட்டலாம். விமான நிலையத்தில் இறங்கியதெல்லாம் செல்லாது. அதில் பெரிய வெள்ளையாக மிச்சமிருந்தது அலாஸ்கா. ஜூன் மாதம் போவதாகப் பேச்சு. எந்த ரோட்டில் எந்த வாரம் பனி உருகும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம்.

பிப்ரவரிக் கடைசி. அரிசோனா பாலைவன முகாமில் வண்டியைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இழுத்து வந்த சின்னக் காரைக் கழற்றி ஓரமாக விட்டாயிற்று. டுவேன் பின்னால் போய் நின்றான். மார்லிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம் இரு, மார்லி. ரோலி வர்றான்."

ரோலி மூன்று குளிர்காலமாகப் பக்கத்து இடத்துக்காரன். அவள் எஞ்சினை ஓட விட்டுக் காத்திருந்தாள். வாக்கிடாக்கி கரகரத்தது. இடுப்பில் செருகினால் டுவேனின் தொப்பையே பட்டனை அழுத்திவிடும். போன வருஷம் அவன் குளியலறையில் பாடிய பாட்டெல்லாம் இப்படித்தான் இவளுக்குக் கேட்டது. அவன் பட்டன் அழுந்தியிருந்தால் இவள் பேசுவது அங்கே போகாது. சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்து கத்தப் போனாள்.

"வண்டிச் சாவி எப்பய்யா தர்ற? என் வீட்டுக்காரி திரைச்சீலைக்குத் துணியே எடுத்துட்டா" என்றது ரோலியின் குரல்.

"மார்ச் பதினஞ்சு. அதுக்குள்ள மேசாவுல வீடு ரெடியாயிடும். என் தம்பி லைல் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி."

"மார்லிஸ் என்ன சொன்னாங்க?"

"நான் சொன்னாத்தானே அவ சொல்றதுக்கு?"

"அடப்பாவி! வண்டி அவங்க பேர்லயும் இருக்கே. கையெழுத்து?"

டுவேன் சிரித்தான். "போன செவ்வாய்க்கிழமையே போட்டாச்சு. இன்சூரன்ஸ் காகிதத்தோட சேர்த்து நீட்டினேன். பான்கேக் திருப்பிக்கிட்டே போட்டுட்டா. நான் நீட்டுறதை அவ எப்ப படிச்சிருக்கா? மேஜை டிராயர்லதான் இருக்கு. சாயங்காலம் தரேன்."

"அலாஸ்கா அலாஸ்கான்னு பறந்தாங்களே?"

"ரெண்டு நாள் அழுவா. அயோவா வீட்டை வித்தப்பவும் அழுதா. அப்புறம் தானா சரியாயிடுவா."

மார்லிஸ் எழுந்து நாலு எட்டில் டிராயருக்குப் போனாள். வண்டிப் பத்திரம் இருந்தது. விற்பவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்து, கீழே அவளுடையது, ஓரத்தில் காய்ந்த பான்கேக் பாகு. கையெழுத்தைத் திருடியதைக்கூட மன்னித்துவிடுவாள் போலிருந்தது. ரெண்டு நாள் அழுவாளாம்! அவள் அழுகைக்கு நாள் குறித்து வைத்துவிட்டல்லவா துரோகம் பண்ணியிருக்கிறான், படுபாவி.

பத்திரத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரோலி போய்விட்டிருந்தான்.

"சரி, மார்லி, வா வா. கொஞ்சம் இடது பக்கம் ஒடி."

"ரோலி என்ன கேட்டான்?"

"தண்ணிக் குழாய் எங்க இருக்குன்னு கேட்டான்."

ஒரு வாய்ப்பு போயிற்று. இன்னொன்று கொடுத்தாள். "டுவேன், ஜூன்ல அலாஸ்கா போயிடுவோம்ல?"

கரகரப்பு. "போகாம? முதல்ல நீ பின்னால வா."

அவள் முன் கியரைப் போட்டாள்.

"மார்லி, முன்னால போற! நிறுத்து. நிறுத்து!"

ஏழு வருஷப் பழக்கம். கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டி குலுங்கி நின்றது.

"உன் பட்டன் அழுந்தியிருந்துச்சு, டுவேன்."

அவன் குரல் கிழவன் குரலாக வந்தது. "முட்டி போயிடுச்சு, மார்லி. கண்ணும் சரியில்ல. நாந்தானே உன்னை இழுத்துட்டு வந்தேன்... எனக்கே முடியலன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

"வாயைத் திறந்து நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே! ஏன், எதுக்குன்னு கேட்டிருக்க மாட்டேனே!"

"இப்ப சொல்றேன். நிறுத்து, மார்லி."

"கார் உன்கிட்ட இருக்கு. மேசா ரெண்டரை மணி நேரம்தான். லைலை நான் விசாரிச்சதா சொல்லு."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். முகாமின் வாசலைத் தாண்டி, வடக்கே போகும் ரோட்டில் ஏறினாள். வாக்கிடாக்கி இரண்டு மைலுக்கு மேல் பேசாது. அந்த இரண்டு மைலும் அவன் "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். எத்தனை நாள் அழுவது என்பதை இந்தத் தடவை அவளே பார்த்துக்கொள்வாள்.