பம்ப்பில் அடைத்தது

துணி துவைக்கும் மெஷின் முனகிக்கொண்டு நின்று மூன்று நாளாயிற்று. உள்ளே போன தண்ணீர் வெளியே வர மறுத்தது. ஊறிக் கிடந்த துணி நாற ஆரம்பித்துவிட்டது.

மருமகளுக்குப் புரியாதது வேறொன்று. மாமனார் நாற்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டில் ஒரு சுவிட்ச் கெட்டால்கூட வெளியாளை உள்ளே விட மாட்டார். அப்பேர்ப்பட்டவர் இதைத் தொடவும் இல்லை, தொட விடவும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றே தட்டிக்கழித்தார். அத்தை போய்ச்சேர்ந்த இந்த ஆறு மாதத்தில் மனுஷர் பாதியாகிவிட்டார், அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கணவன் லாரியோடு வெளியூரில் இருந்தான். ஷூ கம்பெனியில் அவளுக்கு அன்று லீவு. மாமனார் மதியம் கண்ணயர்ந்ததும் அவளே வேலையில் இறங்கிவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினின் கீழ்மூலையில் இருந்த சின்ன மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து, தட்டு ஒன்றை அண்டக் கொடுத்து, வடிகட்டியை மெல்லத் திருகினாள். சாக்கடை வாடையோடு தண்ணீர் வந்தது. தட்டை ஒன்பது தடவை கொட்டிய பிறகு வடிகட்டி கையோடு வந்தது. முடிக்கற்றை, ஒரு பட்டன், அதற்குப் பின்னால் கெட்டியாக ஏதோ. விரலை விட்டு இழுத்தாள்.

மாத்திரை. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்த துண்டுகள், பிரிக்காமலே. பம்ப் விசிறியின் இடுக்கிலும் செருகிக் கிடந்தன.

கத்தரித்தது அவள்தான். காலையில் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் இதய மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் அதை விழுங்காமல் சட்டைப்பையில் போட்டு வந்திருக்கிறார்; சட்டையோடு அது மெஷினுக்குள் போயிருக்கிறது.

நிமிர்ந்தபோது மாமனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா பக்கத்துல உட்கார்ந்து முழுங்க வைப்பே. உனக்கு வேலைக்கு நேரமாயிடும்."

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

அவர் தரையில் பரவியிருந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்தார். "உங்க அத்தை இல்லாம பொழுது போகல. போதும்னு தோணிச்சும்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உட்கார்ந்தே இருப்பதால் கால் வீங்கியிருக்கிறது என்று அவள் எண்ணியிருந்தாள். டாக்டர் கட்டைவிரலால் அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது.

பத்து நாள் லீவு போட்டு, படுக்கையருகே உட்கார்ந்து, வேளை தவறாமல் கொடுத்தாள். அவரும் விழுங்கிவிட்டு, அவள் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். பதினோராம் நாள் காலை, அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, கூடத்தில் இருவர் மட்டும் இருந்தபோது கணவன் கேட்டான்.

"அப்பா மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாரா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தினமும் நான்தான் கையில கொடுத்தேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான்.