பெயர் பெஞ்சில் இடமில்லாத பிள்ளை

ஆண்டு எழுபத்தேழா எழுபத்தெட்டா என்பதில் சந்தேகம் உண்டு. திராட்சைக்குக் கவாத்து வெட்டிய மாதமா, காய் பிடித்த மாதமா என்பதையும் ஓடைப்பட்டியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் இலக்கண வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரே பிற்பகலில் தங்கள் பெயரை இழந்தார்கள், மீதிப் பாதி அசைய முடியாமல் போனார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

புதிதாக வந்த தமிழாசிரியர் ஞானதுரை, தேனி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மனப்பாடம் செய்யச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஒரு பெஞ்சுக்குப் பெயர்ச்சொற்களும் மறு பெஞ்சுக்கு வினைச்சொற்களும் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டினார். பெயர்கள் அசையக்கூடாது, வினைகள் ஓயக்கூடாது. ஒரு பெயரும் ஒரு வினையும் கைகோத்து நின்றால் வாக்கியம்; ஆட்டம் முடியும். அன்று கைகோக்கும் முன்பே மணி அடித்துவிட்டது. வினைகள் குதித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தெருவுக்குப் போய்விட்டன. பெயர்களை அப்பன்மார் வந்து மூட்டை போலத் தூக்கிப் போனார்கள். மறுநாள் காலை எல்லோரையும் பிடித்து வந்து ஆசிரியர் சோடி சேர்த்தார். சேரச் சேரத் தெளிந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் மிஞ்சினாள். முந்தின நாள் தோட்டத்துக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தாமதமாக வந்தவள் அவள். பெயர் பெஞ்சில் அவளுக்குச் சோடி இல்லை. ‘நட’ என்ற அட்டையை மட்டும் மாட்டியிருந்தார்.

அவள் நடந்தாள். அட்டையைக் கிழித்தும் நடந்தாள். தாய் சங்கிலியம்மாள் அவளைத் திராட்சைப் பந்தலின் கல்தூணில் கட்டிப்போட்டாள். கட்டிய இடத்திலேயே கால்கள் மண்ணைத் தேய்த்தன, உள்ளங்காலில் ரத்தம் கசிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பாளோ என்னவோ, ஆனால் பெற்றவளுக்கே அந்தப் பெயர் நினைவில் இல்லை. “ஆத்தா” என்று செல்லப்பெயராகக் கத்தினால் தெருவிலுள்ள பெண்பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள், அவளைத் தவிர. புதுப்பெயர்கள் வைத்துப் பார்த்தார்கள். ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்பு போல அவை உதிர்ந்தன. ஊரில் கதவுகளைச் சாத்தி, உறங்கும் பிள்ளையையும் எழுப்பி, தன் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டை அறுத்துக்கொண்டு சிறுமி மலைப்பக்கம் போய்விட்டால் திரும்பக் கூப்பிட வழியில்லை என்ற பயத்தில் சங்கிலியம்மாள் கண்மூடவில்லை.

ஞானதுரை தோட்டத்துக்கு வந்தார். “புதுப்பேரு நிக்காதும்மா. ஒருத்தர் வச்சுப் பழகுன பேரா இருந்தா ஒருவேளை நிக்கும். ஆனா குடுத்தவுக கதி என்னாகும்னு எனக்குத் தெரியல” என்றார்.

“வாத்தியாரே, பாடம் நடத்துன லெச்சணம் போதும், சும்மா இரும்” என்றாள் பக்கத்துத் தோட்டத்து ஜக்கம்மா. “ஏ சங்கிலி, கிறுக்குத்தனம் பண்ணாத. பேரில்லாம என்னாடி செய்வ?”

“எனக்கெதுக்கு மதினி பேரு? எம் புருசன் உசுரோட இருந்தப்பவே ‘ஏ புள்ள’ன்னுதான கூப்புட்டாக. இனி யாரு வந்து கூப்புடப் போறா?”

மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சங்கிலியம்மா” என்று தன் பெயரை அவள் காதில் சொன்னாள். கால்கள் நின்றன. சிறுமி தூணோடு சரிந்து உட்கார்ந்து, “ஆத்தா, தண்ணி” என்றாள். தாய் பானையை நோக்கி நடந்தாள். பானையைத் தாண்டியும் நடந்தாள். திரும்பிப் பார்த்தபடியே, வரப்பேறி, பாதைக்கு வந்து, போய்க்கொண்டிருந்தாள். ஜக்கம்மா கூப்பிட வாய் திறந்தாள். வாயில் பெயர் எதுவும் வரவில்லை.

ஞானதுரை வேலையை விட்டுத் தேனிக்குப் போய் அப்பாவின் கடையில் ஏலக்காய் நிறுத்தார். மற்றப் பிள்ளைகள் தேறினார்கள். சிலர் கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள். ஜக்கம்மா மூன்றாம் வருடம் காய்ச்சலில் இறந்தாள். மகள் சங்கிலியம்மாள் அந்தப் பெயரிலேயே வளர்ந்து, தேவதானப்பட்டியில் வாழ்க்கைப்பட்டாள். தாய் வருடத்துக்கு ஓரிரு முறை அந்த வழியாகப் போவாள். மகள் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கூடவே நடந்து ஊட்டுவாள், ஊர் எல்லைவரை. பஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்து, அவர்களை விட்டு ஒதுங்கிப் போவார்கள்.